மயிலம் ரோட்டில் நாற்பது நிமிடம்

1. பந்தல்

கொரோனா முதல் ஊரடங்கின்போது எனக்குப் போட்ட டியூட்டி, திண்டிவனத்துக்கு வடக்கே மாவட்ட எல்லையில் இருந்த செக்போஸ்ட். நான் சுகாதார ஆய்வாளர், ஆபீசில் எச்.ஐ. என்பார்கள். அதற்கு முன் இருபத்தாறு வருடம் வாந்திபேதி, டெங்கு என்று ஊர் ஊராகப் போய், யாருக்கு நோய், யாரோடு சாப்பிட்டார், யார் வீட்டில் படுத்தார் என்று நீள நோட்டில் எழுதி வந்தவன். நோட்டும் பேனாவும் சைக்கிளும்தான் எங்கள் தொழில். பிறகு சைக்கிள் மட்டும் பைக் ஆனது.

முதல் நாள் காலை பத்து மணிக்கு வந்த லாரி டிரைவரின் நெற்றியில் டெம்பரேச்சர் கன்னை நீட்டினேன். நூற்றிரண்டு காட்டியது. அவரைத் தனியாக உட்கார வைத்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். அடுத்தவருக்கும் நூற்றிரண்டு. அதற்கடுத்தவருக்கு நூற்றுமூன்று. இந்த வேகத்தில் போனால் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி நிரம்பிவிடும் என்று பயந்துபோனேன். மூன்றாவது டிரைவர்தான், "சார், இஞ்சின் சூட்டுல உக்காந்துக்கினு வர்றோம், கொஞ்சம் நெழல்ல உட்டுட்டுப் பாருங்க" என்றார். கால்மணி நேரம் பந்தலில் உட்கார வைத்துப் பார்த்தேன். மூன்று பேருக்கும் காய்ச்சல் இல்லை. கையில் புதுக் கருவி கிடைத்ததும் ஆளைப் பார்க்க மறந்துவிடுகிறோம். அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் சரக்கு லாரிகளுக்கென்று ஒரு ஆப் வந்தது. டிரைவர் தன் போனில் அதை ஏற்றி லொகேஷனை ஆன் செய்தால்தான் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியும். லாரி எங்காவது பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் மேப்பில் ஒரு மஞ்சள் புள்ளி விழும். அந்த டிரைவருக்குப் பிற்பாடு பாசிட்டிவ் வந்தால் புள்ளிகள் சிவப்பாகும். நாங்கள் அந்த இடங்களுக்குப் போய், அவரோடு பழகியவர்களைத் தேட வேண்டும். இது ஆரோக்கியத்துக்காக மட்டும் என்று டிரைவர்களிடம் சொல்லச் சொன்னார்கள். சொன்னோம். வேறு யார் யார் அந்த மேப்பைப் பார்க்க முடியும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிரைவர்கள் கேட்டார்கள். பைனான்ஸ்காரனுக்கு இது தெரியுமா என்றார் ஒருவர். தான் எந்த ஓட்டலில் நிற்கிறோம் என்று வீட்டுக்காரிக்கு மெசேஜ் போகுமா என்றார் இன்னொருவர். போனில் சார்ஜ் இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சீட்டுக்கடியில் மணி அடித்தது. ஒருவர் எல்லை தாண்டியதும் போனை எவர்சில்வர் டிபன் பாக்சில் போட்டு மூடிவிடுவாராம், பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்களைப் பார்த்தாலே அவர்கள் முகம் மாறும். பத்து நாளில் எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் இவன் எதை மறைக்கிறான் என்றுதான் தோன்றும்.

2. "எங்கியும் நிக்கல சார்"

ஏழுமலை என்ற டிரைவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர். அந்தப் பக்கத்து விவசாயிகளின் கத்தரிக்காய், வெண்டைக்காயைச் சென்னைக்கு ஏற்றிப்போவார். திரும்பும்போது காலி கிரேட்களை அடுக்கிக்கொண்டு வருவார். ஆப் விஷயத்தில் தகராறே செய்யாத ஓரிரு டிரைவர்களில் அவர் ஒருவர். போனை நீட்டி, "நீங்களே போட்டுக் குடுங்க சார், எனக்கு இதெல்லாம் தெரியாது" என்பார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஒருநாள் செக்போஸ்ட்டில் வரிசையாக டிரைவர்களுக்குச் சளி மாதிரி எடுத்தோம். மறுநாள் மத்தியானம் ரிசல்ட் வந்தது. ஏழுமலைக்குப் பாசிட்டிவ். உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை. அவரை ஒரு காலேஜ் ஹாஸ்டலில் அமைத்திருந்த சிகிச்சை மையத்தில் சேர்த்தார்கள். நான் போனில் விசாரித்தேன். மனைவி, மகள், லோடு ஏற்றிய இரண்டு பேர், சென்னையில் டீ குடித்த இடம் என்று எல்லாம் சொன்னார். வழியில் எங்கே நின்றார் என்று கேட்டேன்.

"எங்கியும் நிக்கல சார். நேரா வூட்டுக்குத்தான்."

போனை வைத்துவிட்டு மேப்பைத் திறந்தேன். முந்தின ஆறு நாளில் மூன்று முறை சென்னையிலிருந்து திரும்பியிருக்கிறார். மூன்று முறையும் பைபாசை விட்டு மயிலம் ரோட்டில் திரும்பியிருக்கிறார். ஒரே இடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி. நாற்பது நிமிடம், முப்பத்தெட்டு நிமிடம், நாற்பத்திரண்டு நிமிடம். அது அவர் ஊருக்குப் போகிற வழியே இல்லை.

மறுபடி போன் போட்டேன். புள்ளியைப் பற்றிச் சொல்லாமல் அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதிலைச் சொன்னார். ஆனால் இந்த முறை பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரமானது.

என் மனசு போன போக்கைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு டீசல் இறக்கி விற்கிறார் என்று நினைத்தேன். அப்போது கடையெல்லாம் மூடியிருந்ததால் சாராயம் கடத்துகிறாரோ என்றும் நினைத்தேன். நோயைத் தேட உட்கார்ந்தவன் குற்றத்தைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

3. மூடிக்கிடந்த மில்

மறுநாள் காலை விழுப்புரம் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் நித்யா. ஒப்பந்த வேலை, சுறுசுறுப்பான பெண். எங்கள் போனில் மேப் தெரியும், ஆனால் புள்ளியின் துல்லியமான இடம் தெரியாது. அது வேண்டுமென்றால் கன்ட்ரோல் ரூமில் ஒரு கோரிக்கை பதிய வேண்டும். நித்யா பதிந்துகொண்டே, "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார், நாலுல ஒண்ணு செலக்ட் பண்ணணும். இன்னா போடட்டும்?" என்று கேட்டு நான்கையும் வாசித்தாள்: நோய்த்தொடர்பு, முகவரி சரிபார்ப்பு, தனிமை மீறல், சந்தேகம்.

சந்தேகம் என்றே போடச் சொன்னேன். அன்றைக்கு என் மனதில் இருந்தது அதுதான்.

அவள் அனுப்பிய இடம், பல வருடமாக மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கம். மத்தியானம் போனேன். ரோட்டிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு லாரி நிற்பது தெரியாது. மண்ணில் கனமான டயர் தடம் இருந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு பைக் தடம். பிஸ்கட் கவர்கள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு சின்னக் கொலுசின் திருகாணி. சுவரோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பலாம் என்று வரும்போது காலடியில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. சிவப்பு மாத்திரை, பாதி காலி. குனிந்து பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு நாங்களே கொடுப்பது. கடையில் வாங்குகிற அட்டை வேறு மாதிரி இருக்கும். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் அட்டையை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதுவரை கட்டியிருந்த கதையெல்லாம் அங்கேயே உதிர்ந்துபோனது. லாரியில் ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி.

4. ஹாஸ்டல் வராந்தா

அங்கிருந்து நேராக ஹாஸ்டலுக்குப் போனேன். கவச உடையை மாட்டிக்கொண்டு வராந்தாவின் ஒரு முனையில் நின்றேன். ஏழுமலை மறுமுனையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அவரை மடக்க என்னென்னவோ கேள்விகளை யோசித்து வைத்திருந்தேன். நேரில் பார்த்ததும் ஒன்றைத்தான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனாவது மாசம்?"

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "எட்டு முடியப் போவுது சார்" என்றார்.

அதற்கப்புறம் தானாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் கௌரி. அவரது ஊர்க்காரி, சொந்தம் இல்லை. கணவனோடு சென்னைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலை. ஊரடங்கு வந்ததும் மேஸ்திரி காணாமல் போய்விட்டார். ஏழுமலையின் ஊர் ஆட்களே பதினோரு பேர் தகரக் கொட்டகையில் மாட்டிக்கொண்டார்கள். பாஸ் கேட்டு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. ஏழுமலைக்குப் போன் மேல் போன்.

"லாரி காலியாத்தானே திரும்புதுண்ணான்னு அது கேட்டுச்சி சார். நான் இன்னா சொல்றது? இல்ல, காலி கிரேட்டுக்கு எடம் வேணும்னு சொல்றதா?"

மூன்று நடையாகப் பதினோரு பேரையும் கிரேட்களுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். எங்கள் செக்போஸ்ட்டில் நாங்கள் பின்பக்கம் ஏறிப் பார்ப்பதில்லை; விழுப்புரம் பைபாசில் ஏறிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மில்லுக்குப் பின்னால் இறக்கிவிட்டிருக்கிறார். ஊரிலிருந்து பைக்கில் வந்து அழைத்துப் போயிருக்கிறார்கள். ஆப் தன் புள்ளியைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அது செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்கான பாஸ் என்று நினைத்திருந்தார். நான்தானே போட்டுக் கொடுத்தேன்.

பெயர்களைக் கேட்டேன். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், லைசென்ஸ் போகும், ஊரில் அந்தப் பதினோரு பேர் வீடுகளையும் ஒதுக்கி வைப்பார்கள் என்றார். எட்டு மாதக் கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று நானும் மறைக்காமல் சொன்னேன்.

"உங்க ஆபீசுக்குப் போனா போலீசுக்குப் போன மாதிரிதானே சார்?"

"போவாது. கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டேன். என் நோட்டுல மட்டும் எழுதிக்கிறேன்."

"என் பொண்ணு மேல சத்தியமா நம்பலாமா?"

நம்பலாம் என்றேன். அந்த நிமிடம் அது பொய்யில்லை. அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

5. தொண்ணூற்றொன்று

மறுநாள் விடிந்ததும் அந்த ஊருக்குப் போனேன். ஆம்புலன்ஸ் எடுத்துப் போகவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரும் நானும் ஆளுக்கொரு வண்டியில் போனோம். ஊர் முழுக்கக் காய்ச்சல் கணக்கெடுப்பு என்று சொல்லி நாற்பது வீட்டில் ஏறி இறங்கினோம். அந்த நாற்பதுக்குள் எங்களுக்கு வேண்டிய வீடுகளும் இருந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கௌரி வாசலில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கொஞ்சம் அசதி மட்டும் என்றாள். வெயிலில் வந்த களைப்பாக இருக்கும் என்று அவள் மாமியார் சொன்னார். செவிலியர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். தொண்ணூற்றொன்று. விரலைத் துடைத்து மறுபடி மாட்டினார். அதேதான். முதல் நாள் நூற்றிரண்டு காட்டிய கன் ஞாபகத்துக்கு வந்ததால், வேறொரு மீட்டரை எடுத்து நிழலில் உட்கார வைத்துப் பார்த்தோம். தொண்ணூறு.

அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பெரியாஸ்பத்திரி டியூட்டி டாக்டர் இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றார். பதினோரு பேரில் நான்கு பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. மற்ற மூவருக்கும் லேசாகத்தான் இருந்தது. கௌரி பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தாள். குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நோய் இல்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிரவு தூங்கியதைப் போல, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து திருப்தியாக நான் தூங்கியதில்லை. நான்கு நாள் அந்தத் திருப்தி நீடித்தது.

6. யார் சொன்னது

ஐந்தாம் நாள் ஹாஸ்டல் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ஏழுமலை மேல் வழக்கு: ஊரடங்கை மீறிச் சரக்கு லாரியில் ஆள் ஏற்றியது. லாரியைப் பிடித்து வைத்தார்கள். முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். லைசென்சை ரத்து செய்ய நோட்டீஸ் வந்தது. ஊரில் அந்தப் பதினோரு பேர் வீட்டு வாசல்களிலும் தகரம் அடித்தார்கள். நோய் இல்லாதவர்கள் வீட்டிலும்தான். கௌரியின் மாமியாருக்கு ஊர்க்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை.

நான் ஹாஸ்டலுக்குப் போனேன். ஏழுமலை வராந்தாவுக்கு வர மறுத்துவிட்டார். உள்ளே இருந்தபடி, அந்த ஆளைப் போகச் சொல்லுங்கள் என்று அட்டெண்டரிடம் சொல்லி அனுப்பினார்.

என் நோட்டு என் பையிலேயே இருந்தது. லாரியில் வந்தவர்கள் யார் யார் என்று தெரிந்தவர்கள் நானும் செவிலியரும் மட்டும். முதலில் செவிலியரைச் சந்தேகப்பட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். புரிந்துகொண்டு என்னோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு நித்யாவைச் சந்தேகப்பட்டேன். இடத்தைத் தேடிக் கொடுத்தவள் அவள்தானே. பைக்கை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். நாலு பேர் முன்னால் அவளைக் கேட்டேன், யாரிடம் சொன்னாய் என்று. அவள் அழவில்லை, கத்தவில்லை. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள்.

"படிங்க சார்" என்றாள்.

நான் போட்ட கோரிக்கை அதில் இருந்தது. கேட்டவர் என்ற இடத்தில் என் பெயர், என் பதவி. லாரி நம்பர், மில் இருக்கும் இடம், மூன்று நாள், மூன்று நேரம். காரணம்: சந்தேகம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், நகல் சட்டம் ஒழுங்குப் பிரிவுக்குத் தானாக அனுப்பப்பட்டது.

அந்த நான்கில் நோய்த்தொடர்பு என்று போட்டிருந்தால் எங்கள் துறையோடு நின்றிருக்கும். இது நித்யாவுக்கும் முன்பு தெரியாது. வழக்கு வந்த பிறகு ஆப் செய்த கம்பெனி ஆளைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். போலீஸ் அந்த மில்லுக்குப் போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது என்ற அதே ஆட்டுக்காரர், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பைக்குகள் வந்த திசையைக் காட்டியிருக்கிறார். மீதியை ஊரிலேயே தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

நோட்டில் மட்டும் எழுதுவேன் என்று நான் சத்தியம் செய்தபோதே, அன்று காலையில் நான் கேட்ட கேள்வி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருந்தது.

நித்யாவிடம் அங்கேயே, அந்த நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அடுத்த போனை எடுத்தாள்.

7. மல்லாட்டைக் கொல்லி

ஏழுமலையை ஹாஸ்டலிலிருந்து அனுப்பிய இரண்டு வாரம் கழித்து கொல்லி என்று நாங்கள் சொல்கிற அவர் நிலத்துக்குப் போனேன். லாரி இல்லாததால் மல்லாட்டைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான்கு காரணத்தையும் நான் தேர்ந்தெடுத்ததையும் சொன்னேன். நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதையும் சொன்னேன். வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். சாலின் முனைக்குப் போய்த் திரும்பி வந்துதான் பேசினார்.

"நீங்க வேணும்னு சொல்லலன்னு நம்பறேன் சார். ஆனா உங்ககிட்ட போன் குடுத்ததாலதானே போச்சு."

கௌரியைப் பற்றிச் சொன்னால் சமாதானமாவார் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்வது போல ஆகிவிடும் என்று தோன்றியது.

லைசென்ஸ் விசாரணைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்த டிரைவர் பெயர்களைச் சொன்னதால்தான் ஒரு தாயும் குழந்தையும் பிழைத்தார்கள், தகவல் மருத்துவக் காரணத்துக்காக வாங்கப்பட்டது, வெளியே போனதற்கு நான்தான் பொறுப்பு என்று எழுதினேன். அனுமதி இல்லாமல் எழுதியதற்கு எனக்கு மெமோ வந்தது. எட்டு மாதம் கழித்து அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. என் கடிதத்தாலா, அந்தக் காலத்து வழக்குகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக முடித்துக்கொண்டு வந்ததாலா, தெரியாது. அதன் பிறகு அவர் லாரியைப் பல தடவை திண்டிவனம் மேம்பாலத்தடியில் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டும் காணாததுபோலப் போய்விடுவார்.

8. ஒரு போன்

ரிட்டயர் ஆக ஐந்து மாதம் இருந்தபோது, ஒரு முற்பகல், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. லாரிகள் நிற்கும் ஒரு ஷெட்டில் நான்கு டிரைவர்களுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றது குரல். யாருடைய குரல் என்று முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஷெட் என்று கேட்டேன்.

"இத இன்னா பண்ணுவீங்க? கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்களா?"

பழைய ஆளாக இருந்திருந்தால், கவலைப்படாதீங்க, வெளிய போகாது என்று சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "நோயையும் எடத்தையும் ஏத்தியாகணும். அத எங்க துறை பாக்கும், கலெக்டர் ஆபீஸ் பாக்கும். நோயாளி பேரு ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்கும். சொன்னவங்க பேரு எனக்கு வேணாம். இந்த நம்பர் என் போன்ல விழுந்திருக்கு, அத நான் அழிச்சாலும் போன் கம்பெனிகிட்ட இருக்கும். வேற யாரு பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது."

மறுமுனையில் லாரி ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஆப்பைப் பற்றியும் மேப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அதெல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ஒருவரிடம் பதில் கேட்பதற்கு முன்னால், அந்தப் பதில் யார் யார் கைக்குப் போகும் என்று நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்ததை அவரிடம் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் பதில் சொல்லாமலும் போகலாம். அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

அன்றைக்கு அந்தப் பயத்தோடுதான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஹாரன் சத்தம் அடங்கியது.

"விக்கிரவாண்டி தாண்டி, எடது கைப்பக்கம், மூணாவது ஷெட்டு" என்றது குரல். "ஜல்தி வாங்க."